குழுப்பாட்டில் எது கெடுகிறது, ஏன்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பள்ளியிலோ வீட்டுப் பாட்டு வகுப்பிலோ 15 முதல் 40 பிள்ளைகளைச் சேர்த்துக் கர்நாடக சங்கீத உருப்படிகளை, அதாவது பாடல்களை, பாடவைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதியது இது. நம் சங்கீதம் தனிக்குரலுக்காக வளர்ந்தது. குருவுக்கு முன்னால் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து கற்ற முறைதான் இன்றைய பாடத்திட்டத்துக்கும் அடிப்படை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமியன்று நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே பாடுகிறவர்கள் உருப்படியைத் தனித்தனியே பாடம் பண்ணிவிட்டு வருகிறவர்கள். வகுப்பில் நாம் பாட்டையும் கற்பிக்க வேண்டும், சேர்ந்து பாடுவதையும் கற்பிக்க வேண்டும். இரண்டாவது வேலைக்குத் தனியாக நேரம் ஒதுக்காததால்தான் பாதிக் கோளாறுகள் வருகின்றன.

குழு கெடுவது பெரும்பாலும் காதில். தொண்டைக்குப் பழி வருகிறது. பிள்ளைக்குச் சுருதி (பாட்டுக்கு ஆதாரமாகத் தொடர்ந்து ஒலிக்கும் ஸ, ப ஸ்வரங்கள்) கேட்கவில்லை, பக்கத்துக் குரல் கேட்கவில்லை, அல்லது தன் குரலே கேட்கவில்லை. ஆகவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும், "இன்னொரு தடவை பாடுங்கள்" என்று சொல்வதற்கு முன்னால், இவர்களுக்கு இப்போது என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

அதற்கு ஒரு பதிவு வேண்டும். செல்போனைக் குழுவுக்கு முன்னால் 3 மீட்டர் தள்ளி, நிற்கிறவர்களின் தலை உயரத்தில் வையுங்கள். தொடங்கும் முன் 10 விநாடி சுருதி மட்டும் ஒலிக்கட்டும். பிறகு பாட்டு முழுவதும். முடிந்ததும் மறுபடி 10 விநாடி சுருதி. பாடும்போது உங்கள் காது குழுவின் பக்கம் சாய்ந்துவிடும். பதிவு அப்படிச் சாயாது.

பாட்டு முடியும்போது சுருதி இறங்கியிருக்கிறது

பல்லவியில் சேர்ந்திருந்த குழு சரணத்துக்குள் அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) இறங்கிவிடும். சோதிக்க எளிய வழி: நன்றாகத் தெரிந்த ஒரு கீதத்தை எடுத்துக்கொண்டு, நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) சுருதியோடு, நான்கு ஆவர்த்தனம் சுருதியை நிறுத்தி, பிறகு மறுபடி சுருதி போட்டுப் பாடவையுங்கள். சுருதி இல்லாதபோது மட்டும் இறங்கினால் பிள்ளைகளுக்குச் சுருதி மனதில் பதியவில்லை. சுருதி ஒலிக்கும்போதே இறங்கினால் அது அவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டும் வேறு நோய்கள்.

கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் கருவிதான். செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் மந்தர ஷட்ஜம் (கீழ் ஸ்தாயி ஸ) ஏறக்குறைய வருவதே இல்லை. மேல் ஒலிகள் மட்டும் வருகின்றன, 30 குரல்கள் அதை விழுங்கிவிடுகின்றன. தனி ஸ்பீக்கரில் இணையுங்கள். ஒன்று போதாது: ஒன்றை முன்னாலும் இன்னொன்றைப் பின்வரிசைக்குப் பின்னாலும் காது உயரத்தில் வையுங்கள். அளவு சரியா என்று பார்க்க, எல்லாரும் வாயை மூடி ஷட்ஜத்தில் முனகட்டும். அந்த முனகலுக்கு மேல் பஞ்சமம் (ப) தெளிவாகக் கேட்டால் சரி. முழுக்குரலில் பாடும்போது கேட்கவில்லையென்றால் சுருதியை ஏற்றாதீர்கள், குரலைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இனி பாட்டுக்குள் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். மூன்று இடங்கள் வழக்கமானவை. அவரோகணத்தில் (இறங்கும் ஸ்வர வரிசையில்) ஒவ்வொரு ஸ்வரமும் கொஞ்சம் அதிகமாகவே இறங்கும்: மாயாமாளவகௌளையில் க-ரி-ஸ இறங்கும்போது அந்தர காந்தாரம் தளர்ந்துவிடும், அதை நம்பி வரும் சுத்த ரிஷபமும் ஷட்ஜமும் சேர்ந்து தளரும். ஒரே ஸ்வரத்தில் நீண்ட கார்வை (நீட்டி நிறுத்துவது) இன்னொரு இடம், மூச்சு தீரத் தீரச் சுருதி சரியும். மூன்றாவது, ஆவர்த்தனத்தின் கடைசிச் சொல். எல்லாரும் அதை "முடிந்தது" என்று விட்டுவிடுகிறார்கள்.

மருந்து: பாட்டில் தானாக ஷட்ஜமும் பஞ்சமமும் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே இரண்டு அட்சரம் (தாள எண்ணிக்கை) நிறுத்திச் சுருதியோடு ஒட்டவைத்துவிட்டு மேலே போங்கள். ஒரு வாரம் இப்படி நிறுத்தி நிறுத்திப் பாடினால் அந்த இடங்களில் காது தானே சுருதியைத் தேடும். முதல் பாடமான சரளி வரிசையைத் தலைகீழாக, மேல் ஷட்ஜத்திலிருந்து தொடங்கி இறங்கிப் பிறகு ஏறிப் பாடவைப்பதும் நல்லது. நாம் எப்போதும் ஏறுவதிலேயே தொடங்குவதால் இறங்குவதற்குப் பயிற்சி பாதிதான் கிடைக்கிறது.

சுருதி ஏறுவது அரிது. ஏறினால் கத்துகிறார்கள் அல்லது பயந்திருக்கிறார்கள்.

ஒரு பிள்ளை மட்டும் எப்போதும் வேறு சுருதியில் பாடுகிறது

பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டினால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வாயை மட்டும் அசைக்கும். கோளாறு மறைந்தது போலத் தோன்றும், பிள்ளை சங்கீதத்தை விட்டுவிடும். "நீ சும்மா வாயசை" என்று ஆசிரியரே சொல்வதும் உண்டு. அதைவிடப் பெரிய தீங்கு வகுப்பில் வேறு இல்லை.

மூன்று மூன்று பேராக ஒரு வரி பாடவைத்து, வரிசைகளுக்கு நடுவே நடந்து கேளுங்கள். யார் என்று தெரிந்ததும், எந்த வகை என்று பிரியுங்கள்.

சில பிள்ளைகள் ஷட்ஜம் பாடச் சொன்னால் கீழ்ப் பஞ்சமத்தைப் பாடுவார்கள், பாட்டு முழுவதும் அதே தூரத்தில் ஒழுங்காக வருவார்கள். இவர்களுக்குக் காது நன்றாகவே இருக்கிறது, ஸ்வர இடைவெளிகளும் சரி. பேசும் குரலிலேயே பாடுகிறார்கள், மேல் குரலைத் திறக்கத் தெரியவில்லை. தனியே அழைத்து, அந்தப் பிள்ளை பாடும் ஸ்வரத்துக்குச் சுருதிப் பெட்டியைத் திருப்புங்கள். அங்கே ஸ-ப-ஸ பாடட்டும். சுருதி சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை முதல்முறையாக உடம்பில் உணர்வது அப்போதுதான். அங்கிருந்து வாரத்துக்கு அரைக் கட்டை ஏற்றுங்கள். நடுநடுவே குயில் கூவுவதையோ ஐஸ் வண்டிக்காரர் குரலையோ போலச் செய்யச் சொன்னால் மேல் குரல் தானே வரும். அந்தக் குரலிலேயே "ஸா" என்று நிற்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வகை, தனியாகச் சரியாகப் பாடிக் குழுவில் விலகும் பிள்ளை. பக்கத்தில் நிற்பவர் உரக்கப் பாடுகிறார், தன் குரல் தனக்குக் கேட்கவில்லை. இடத்தை மாற்றினால் போதும்: சுருதி நன்றாகச் சேரும் இருவருக்கு நடுவே, முதல் வரிசையில் நிறுத்துங்கள். ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்துப் பாடவும் சொல்லலாம்.

ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு சுருதியில் அலைகிறவர்களுக்குப் பாட்டே வேண்டாம். சில வாரங்கள் ஒற்றை ஸ்வரத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் வேலை மட்டும், தினம் 5 நிமிடம். அதிலும் முன்னேற்றம் இல்லையென்றால் காது மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சளி அடைத்த காதோடு பிள்ளைகள் மாதக்கணக்கில் வகுப்புக்கு வந்துபோகிறார்கள்.

மேலே கத்துகிறார்கள், கீழே கேட்கவில்லை

இது கட்டைக் கோளாறு. ஆசிரியர் தன் கட்டையில் கற்பிக்கிறார், குழு அதில் மாட்டிக்கொள்கிறது. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டையில் பாடுகிறார்கள். பெண்கள் 5 முதல் 6. ஆணின் 1 கட்டை ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். பெண்ணின் 5 கட்டை 196, 5½ கட்டை 208, 6 கட்டை 220.

ஆண் ஆசிரியர் 1 கட்டையில் பாடும்போது சிறு பிள்ளைகள் ஒரு ஸ்தாயி மேலே, 262 ஹெர்ட்ஸில் பிடித்துக்கொள்வார்கள். சரளி வரிசை வரை தொல்லை தெரியாது. கீதம் தாண்டி வர்ணத்தில் தார (மேல்) ஸ்தாயி காந்தாரம், மத்யமம் வந்ததும் அலறலாகிவிடும். ஆசிரியர் சுருதியை 5½-இல் வைத்து, வயலினிலோ கீபோர்டிலோ காட்டிக் கொடுக்க வேண்டும், அல்லது மேல் வகுப்பு மாணவி ஒருவரைப் பாடிக்காட்டச் சொல்ல வேண்டும். கௌரவம் பார்க்க வேண்டிய இடமல்ல இது.

ராகத்தின் வீச்சைப் பார்க்காதீர்கள், அந்த உருப்படியின் வீச்சைப் பாருங்கள். அதில் வரும் மிகக் கீழ் ஸ்வரம், மிக மேல் ஸ்வரம் இரண்டையும் தாளில் எழுதுங்கள். குழுவில் குரல் வளம் குறைந்த ஐந்து பேர் அவ்விரண்டையும் அகாரத்தில் ("ஆ" என்று) மூன்று விநாடி நிறுத்திப் பாடட்டும். அவர்களுக்கு எட்டும் கட்டைதான் குழுவின் கட்டை. எட்டு வயதுக்காரர்களுக்கு 5½ கட்டையில் மந்தர பஞ்சமம் வராது. மந்தர நிஷாதத்துக்குக் கீழே போகாத பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். கட்டையை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 3-க்கும் 4-க்கும் நடுவே அரைக் கட்டை கிடையாது, 7-க்கும் மேல் 1-க்கும் நடுவிலும் கிடையாது. அங்கே ஒரு முழுக் கட்டை ஏற்றுவதே அரைப் படிதான்.

குரல் உடைந்த பையன்களும் பெண்களும் சேர்ந்த குழுவில்தான் ஆசிரியர்கள் கைவிடுகிறார்கள். 5½ கட்டையை ஒரு ஸ்தாயி இறக்கினால் பையன்களுக்குப் பாதாளம். அதே இடத்தில் பாடினால் தொண்டை கிழியும். இதற்கு நம் மரபிலேயே ஒரு வாசல் இருக்கிறது: மத்யம சுருதி. சுருதியை 1 கட்டையில் வைத்து, மத்யமத்தை ஷட்ஜமாகக் கொண்டு பாடினால், பாடும் ஷட்ஜம் 4 கட்டையில், ஏறக்குறைய 175 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். அங்கிருந்து ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் பாட்டு இரு பாலாருக்கும் ஒரே இடத்தில் எட்டும். புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, நவரோஜ் போன்ற ராகங்களின் வீச்சே குறுகியது, வழக்கத்திலும் மத்யம சுருதியில்தான் பாடுகிறார்கள். நாமாவளிகள் பலவும் இதற்குப் பொருந்தும். சுருதிப் பெட்டியில் பஞ்சமத்தை எடுத்துவிட்டு மத்யமத்தை வைக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் பாட்டு முழுவதும் பஞ்சமம் வந்து குத்தும்.

மகரக்கட்டில் (குரல் உடையும் பருவத்தில்) இருக்கும் பையனை, பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள், வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். குரல் இறங்கும் மாதங்களில் தார ஸ்தாயி வேண்டாம். அவன் குரல் நிற்கும் ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் மெல்லிய குரலில் சரளி, ஜண்டை போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டையைப் புதிதாகப் பாருங்கள். மீதி நேரத்தில் தாளம், சொல்கட்டு, ராக ஞானம் கற்கலாம். இந்தப் பருவத்தில் நல்ல ஆசிரியரிடம் இருந்தவன் திரும்பப் பாட வருவான். விலக்கிவைக்கப்பட்டவன் வருவதில்லை.

ஆசிரியர் நிறுத்தினால் குழுவும் நின்றுவிடுகிறது

கூடவே பாடிக் கற்பித்ததன் விளைவு. நீங்கள் பாடும்போது பிள்ளைகளின் தவறு உங்களுக்குக் கேட்காது, அவர்களுக்கும் கேட்காது. விதி எளிது: நீங்கள் பாடினால் அவர்கள் கேட்க வேண்டும், அவர்கள் பாடினால் நீங்கள் கேட்க வேண்டும். ஒரு சங்கதியை (வரியின் ஒரு மெருகேற்றிய வடிவத்தை) மூன்று முறை பாடிக்காட்டுங்கள், அதுவரை அவர்கள் வாய் திறக்கக்கூடாது, தாளம் மட்டும் போடட்டும். பிறகு அவர்கள் மூன்று முறை. தவறினால் கூடச் சேராதீர்கள். நிறுத்தி, மறுபடி பாடிக்காட்டுங்கள். முதல் இரண்டு வாரம் பாடம் மெதுவாகத்தான் நகரும், பொறுக்க வேண்டும்.

இதே கோளாறு ஒரு மாணவியை நம்பியும் வரும். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி அரை மாத்திரை முன்னால் எடுப்பாள், மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பதிவில் எல்லா வரியின் முதல் எழுத்தும் இரட்டித்து ஒலித்தால் இதுதான். அந்தப் பெண்ணை வாரம் ஒருமுறை தாளம் போடவைத்துப் பாடாமல் கேட்கச் சொல்லுங்கள்.

காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) ஓடுகிறது

முதலில் அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்று ஆதி தாளத்தைத் தொடங்கினால் ஒரு ஆவர்த்தனம் 8 விநாடி, எட்டு ஆவர்த்தனம் 64 விநாடி. கடைசி எட்டு ஆவர்த்தனம் 58 விநாடியில் முடிந்தால் பத்தில் ஒரு பங்கு ஓடியிருக்கிறீர்கள்.

ஓட்டம் எங்கும் சமமாக வராது. ஸ்வரங்கள் நிறைந்த இடத்தில் பிள்ளைகள் ஓடுவது குறைவு. ஒன்றும் பாட வேண்டாத இடத்தில்தான் ஓடுவார்கள். சாகித்யம் ஆறாவது அட்சரத்தில் முடிந்து, கடைசி துருதத்தின் (இரண்டு அட்சர அங்கத்தின்) தட்டும் வீச்சும் (கையைத் திருப்புவதும்) வெறுமையாக இருந்தால், அந்த வீச்சைப் பாதியில் வெட்டி, சுற்றின் முதல் தட்டான அடுத்த சமத்தைப் போட்டுவிடுவார்கள். நீண்ட கார்வைகளிலும் அப்படியே. ஆகவே கார்வையை நிரப்பக் கற்றுக்கொடுங்கள்: வெறும் இடத்தில் எல்லாரும் "தகதிமி தகதிமி" என்று வாய்விட்டுச் சொல்லட்டும், ஒரு வாரம் கழித்து உதட்டுக்குள், பிறகு மனதுக்குள்.

அடுத்த பயிற்சி துணையைக் குறைப்பது. முதலில் மெட்ரோனோம் எட்டு அட்சரத்துக்கும் தட்டட்டும். பிறகு அதை நிறுத்திவிட்டு நீங்கள் சமத்திலும் முதல் துருதத்திலும் மட்டும் தட்டுங்கள். பிறகு சமத்தில் மட்டும். 8 விநாடி இடைவெளியைத் தாங்களே சுமந்து உங்கள் தட்டோடு வந்து சேரும் குழுவுக்கு இனி மெட்ரோனோம் தேவைப்படாது. மெட்ரோனோமையே எப்போதும் ஓடவிட்டால் அதைத் தொடரத்தான் பழகுவார்கள். காலம் அவர்களுக்குள் வராது.

ஓடுகிற குழுவைக் கட்ட 40 அட்சரத்தில் அதே பாட்டைப் பாடவைப்பது நல்ல வைத்தியம். மெதுவாகப் பாடுவது வேகத்தைவிடக் கடினம் என்று அப்போது அவர்களுக்கே தெரியும். இரண்டாம் காலத்துக்கு மாறும்போது கை வேகமெடுக்கிறதா என்று பார்க்க, பாதிப் பேர் தாளம் மட்டும், பாதிப் பேர் கண்ணை மூடிப் பாட்டு மட்டும் என்று பிரியுங்கள். பாட்டு ஓடினால் கை நின்று காட்டிக்கொடுக்கும்.

இழுவை இதற்கு எதிர்நோய், காரணம் அநேகமாக மூச்சு. வரி முடிந்ததும் மூச்சு வாங்கி, அதன்பின் அடுத்த வரியைத் தொடங்குகிறார்கள். மூச்சுக்கான நேரத்தை முடிந்த வரியின் கார்வையிலிருந்து எடுக்க வேண்டும். கடைசிக் கார்வையை அரை அட்சரம் முன்னதாக விட்டுவிடச் சொல்லிப் புத்தகத்தில் அங்கே ஒரு கோடு போடுங்கள். விடவே கூடாத நீண்ட கார்வை என்றால் வரிசையில் ஒற்றைப்படை எண்காரர்கள் ஓரிடத்திலும் இரட்டைப்படைக்காரர்கள் வேறிடத்திலும் மூச்சு வாங்கட்டும்.

பின்வரிசை பின்தங்குகிறது

சோம்பலால் அல்ல. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. மிருதங்கத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தட்டு 29 மில்லிவிநாடி தாமதமாகக் கேட்கும், அவர் குரல் திரும்பி வர இன்னொரு 29. விநாடிக்கு நான்கு ஸ்வரம் போகும் இரண்டாம் காலத்தில் இது நன்றாகவே உறுத்தும். குழுவை அரைவட்டமாக, முன்வரிசையிலிருந்து பின்வரிசை 3 மீட்டருக்கு மேல் தள்ளாமல் நிறுத்துங்கள். பின்வரிசை காதால் தாளத்தைப் பிடிக்கக்கூடாது, உங்கள் கையைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டும். அதற்காக நீங்கள் மார்பு உயரத்தில் கை காட்ட வேண்டும், மடியில் அல்ல. கையில் தாளக் கிரியை, தலையில் வேறோர் ஆட்டம் என்று இரண்டு சமிக்ஞை கொடுத்தால் யாரும் எதையும் தொடர முடியாது.

எடுப்பில் (பாட்டு தொடங்கும் இடத்தில்) சிதறுகிறது

சமத்தில் எடுக்கும் பாட்டு சேர்ந்து வரும், தள்ளி எடுக்கும் பாட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் நுழைவார்கள். உங்கள் தலையசைப்புக்குக் காத்திருப்பதுதான் காரணம். ஒன்றரை அட்சரம் தள்ளி எடுப்பு என்றால், சமத்தில் தட்டி, சுண்டுவிரல் எண்ணிக்கையின் நடுவில் பாட்டு தொடங்குகிறது. ஒரு அட்சரத்துக்கு நான்கு மாத்திரையாக "தகதிமி தக" என்று ஆறு மாத்திரையை எல்லாரும் உரக்கச் சொல்லி, ஏழாவதில் பல்லவியை எடுக்கட்டும். பத்து முறை உரக்க, பத்து முறை முணுமுணுத்து, பிறகு மௌனமாக. அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தையும் இதே போலத் தனியாகச் செய்யுங்கள். தொடக்கத்தில் சரியாக எடுக்கும் குழு அங்கேதான் விழுகிறது.

கமகம் (ஸ்வர அசைவு) கலங்கிக் கேட்கிறது

தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் சரி, சேர்ந்தால் சேறு. தோடி காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைவது. 20 பேர் 20 வேகத்தில் அசைத்தால் எந்த ஸ்வரமும் கேட்காது. குழுவுக்கு அசைவின் எண்ணிக்கையை நிர்ணயிக்க வேண்டும். "ரி ம ரி ம" என்று நான்கு மாத்திரையில் ஸ்வரமாகச் சொல்லவைத்து, அது ஒன்றுபட்டதும் "கா" என்ற ஒரே எழுத்தில் அதே நான்கையும் இழுக்கச் சொல்லுங்கள். கையை மேலும் கீழும் அசைத்துக் காட்டுங்கள். தனிக் கச்சேரிக்கு இது விறைப்பாகத் தோன்றலாம், குழுவுக்கு இந்த விறைப்பு தேவை.

உருப்படித் தேர்விலேயே பாதி தீர்ந்துவிடும். மோகனம், ஹம்சத்வனி, ஆரபி, சுத்தசாவேரி குழுவுக்கு இணங்கும். தோடி, சஹானா, வராளி, பேகடா ஆகியவற்றைப் பல வருடம் சேர்ந்து பாடிய குழுவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சங்கதிகள் நான்கு போதும். பிருகா (வேகமான ஸ்வரக் கோவை) நிறைந்த கடைசிச் சங்கதியை மூன்று பேரிடம் கொடுத்துவிட்டு மற்றவர்கள் முதல் சங்கதியில் வந்து சேரட்டும். பல பாடாந்தரங்களில் (குருவுக்குக் குரு வேறுபடும் பாட வடிவங்களில்) கற்ற பிள்ளைகள் சேர்ந்திருந்தால், பயிற்சிக்கு முன்பே ஒரு பாடாந்தரத்தைத் தாளில் ஸ்வரப்படுத்திக் கொடுங்கள். எது சிறந்தது என்ற விவாதத்தை வகுப்பில் தொடங்க வேண்டாம்.

சொல் புரியவில்லை

ஸகர எழுத்துகள் கூட்டத்தில் சீறும், ஏனென்றால் 25 பேர் 25 கணத்தில் சொல்கிறார்கள். பாதிப் பேர் மட்டும் அந்த எழுத்தை அழுத்தட்டும், மற்றவர்கள் உயிரெழுத்தில் சேரட்டும். தெலுங்கு, சமஸ்கிருத சாகித்யத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கும்போது உச்சரிப்பு வேறுபாட்டைக் காட்டக் க, ச, ட, த, ப எழுத்துகளோடு 2, 3, 4 என்ற சிறு எண்ணைப் போடும் பழைய அச்சுமுறையை விடாதீர்கள். எண் இல்லாத தாளில் கற்ற பிள்ளை பின்னால் திருத்திக்கொள்வது கஷ்டம். தமிழ்ப் பாட்டில் ல, ள, ழ மூன்றையும் பாட்டில்லாமல் வாசிக்கவைத்துக் கேளுங்கள். பதம் பிரியும் இடத்தில்தான் மூச்சு. "மலைமகள்" என்பதை "மலைம" என்று நிறுத்தி "கள்" என்று தொடர்ந்தால் பொருளே கெட்டது. அர்த்தம் சொல்லிக் கொடுத்துவிட்டால் இந்தத் தவறு பெரும்பாலும் வராது.

தொண்டை கட்டுகிறது

"இன்னும் சத்தமாக" என்று நாம் சொல்வதன் கூலி. சத்தத்துக்கு 1 முதல் 5 வரை எண் வையுங்கள். வகுப்பில் 3-க்கு மேல் போகக்கூடாது. சிறுவர்களுக்குத் தொடர்ந்து 20 நிமிடம் பாட்டு, பிறகு 5 நிமிடம் தாளமோ கேள்வி ஞானமோ. மேல் ஸ்தாயியில் "ஈ" என்ற எழுத்து வந்தால் வாயை நெருக்காமல் கொஞ்சம் திறந்து பாடச் சொல்லுங்கள். சளி பிடித்த பிள்ளை கேட்கட்டும், பாட வேண்டாம். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். மிளகும் பனங்கற்கண்டும் இதமாக இருக்கும். குரல் நாணில் முண்டு இருந்தால் அதைக் கரைக்காது.

வாத்தியம் சேர்ந்ததும் சுருதி குழம்புகிறது

மாற்ற முடியாத வாத்தியத்துக்குத்தான் மற்றவை சேர வேண்டும். பழைய ஹார்மோனியம் இருந்தால், அதன் 5½ கட்டையும் செயலியின் 5½ கட்டையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். சுருதிப் பெட்டியின் நுண்திருகியால் ஹார்மோனியத்துக்கு ஒட்டவையுங்கள். புல்லாங்குழலுக்குக் கட்டை மாறினால் குழலே மாற வேண்டும், ஆகவே குழல்காரருக்கு ஒரு வாரம் முன்பே கட்டையைச் சொல்லுங்கள். வயலின் பிரடை (தந்தியை முறுக்கும் திருகு) வழுக்கினால் சாக்பீஸ் தூள் தடவி அழுத்தித் திருப்பலாம். வீணையில் மெட்டுகள் (தந்திக்குக் கீழுள்ள குறுக்குக் கம்பிகள்) மெழுகில் பதிந்தவை, வெயிலில் காரில் வைத்த வீணையின் மெட்டுகள் நகர்ந்துவிடும். அன்று அதை எப்படிச் சுருதி கூட்டினாலும் நடு ஸ்தாயி சேராது.

குரலைக் கேட்கவிடாமல் மிருதங்கம் அமுக்கினால், வாசிப்பவரைக் குறை சொல்லும் முன் இடத்தைப் பாருங்கள். வலந்தலை (வலப்பக்கத் தோல்) சபையை நோக்கியும் தொப்பி (இடப்பக்கத் தோல்) குழுவை நோக்கியும் இருக்கும்படி குழுவின் வலப்புறம் உட்காரவைத்தால் பிள்ளைகளுக்கு அதன் கும்காரம் கேட்கும், கூர்மையான தட்டு சபைக்குப் போகும்.

இரண்டாம் குரல் சேர்த்தால் ராகம் கெடுகிறது

எம்.பி. ஸ்ரீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கியதிலிருந்து பல குரல் சேர்ந்திசைக்கு இங்கே ஓர் ஆசை உண்டு, நல்ல ஆசைதான். ஆனால் மேற்கத்திய முறையில் மூன்றாம் ஸ்வரத்தை மேலே வைத்துக்கொண்டே போனால் மோகனத்தில் உடனே இடிக்கும்: ரிஷபத்துக்கு மேல் மத்யமம் வேண்டும், பஞ்சமத்துக்கு மேல் நிஷாதம் வேண்டும், இரண்டும் ராகத்தில் இல்லை. முதல் வருடம் இரண்டு உத்திகள் போதும். ஒன்று, ஒரு பிரிவு ஷட்ஜத்தையோ பஞ்சமத்தையோ தாங்கி நிற்க, மற்றது பாடுவது. இரண்டு, ஒரு ஆவர்த்தனம் பின்தங்கி இரண்டாம் பிரிவு அதே வரியை எடுப்பது. இரண்டாவதற்கு ஸ்வரங்கள் மோதும் இடங்களை முன்கூட்டியே எழுதிப் பார்க்க வேண்டும். சுத்த ரிஷபமும் ஷட்ஜமும் நீண்ட கார்வையில் மோதினால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

வகுப்பில் சரி, மேடையில் கெடுகிறது

படபடப்பில் வேகம் ஏறும். வகுப்பில் 60-இல் பழகிய பாட்டை மேடையில் 56 என்று மனதில் வைத்துத் தொடங்குங்கள், 60-இல் வந்து நிற்கும். பாடத் தொடங்கும் முன் 30 விநாடி சுருதி மட்டும் ஒலிக்கட்டும். அறிவிப்பாளர் பேசி முடித்ததும் அவசரப்பட வேண்டாம்.

மானிட்டர் ஸ்பீக்கரில் சுருதி வரவேண்டும் என்று ஒலி அமைப்பாளரிடம் முதலில் கேளுங்கள். குரலை ஏற்றித் தரச் சொல்வது அப்புறம். ஆளுக்கு ஒரு மைக் வேண்டாம். 25 பேருக்கு இரண்டு கண்டென்சர் மைக் போதும், முன்வரிசையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பின்வரிசையின் வாயை நோக்கி. இரண்டு மைக்குக்கும் இடைத்தூரம், மைக்குக்கும் பாடுகிறவருக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும். நெருங்கினால் குரல் உள்ளீடற்று ஒலிக்கும். குளிர்சாதன அரங்கில் மிருதங்கத் தோல் காய்ந்து சுருதி ஏறும். வாத்தியங்களை 45 நிமிடம் முன்னதாக மேடையில் வைத்து, பிறகு சுருதி கூட்டச் சொல்லுங்கள்.

வகுப்பில் யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்களோ மேடையிலும் அப்படியே நிற்க வேண்டும். புகைப்படத்துக்காக உயரவாரியாக மாற்றச் சொல்வார்கள், படத்தைப் பாட்டு முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும். கடைசி நாள் புதிய திருத்தம் எதையும் சொல்லாதீர்கள். அன்று காலை ஒருமுறை எடுப்புகளை மட்டும், அரைக் குரலில் பாடிப் பார்த்தால் போதும்.